புல்லுக் கொப்பி

ஒக்ரோபர் 10, வியாழன்

இது என் கணவரின் புல்லுக் கொப்பி. எந்தத் திகதியில் உரம் போட்டார், எந்தத் திகதியில் வெட்டினார், எத்தனை அங்குலம் விட்டு வெட்டினார் என்று இருபத்தாறு வருடமாக எழுதி வந்தவர். இது மூன்றாவது கொப்பி. என் பிறந்தநாள் மூன்றில் ஒன்றிலும் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, வீட்டில் நடப்பதையெல்லாம் தினமும் எழுதி வையுங்கள், உங்கள் மனநிலையையும் எழுதுங்கள் என்றாள். என் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான கொப்பி கடையில் கிடைக்காது. முன்பக்கங்களை நான் வாசிக்கவில்லை. புல்லின் சரித்திரம் படிக்க எனக்கென்ன தலையெழுத்தா? உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றால் அவற்றைக் கவ்விவிட்டு, அவர் கடைசியாக எழுதிய தாளின் பின்பக்கத்தில் தொடங்குகிறேன். தாளை வீணாக்கக் கூடாது என்பதும் அவர் சொல்லித் தந்ததுதான்.

மனநிலை: பாரிசவாதம், இனி இவருக்குப் பேச்சு வராது, எழுதவும் வராது, மூளையில் எழுத்து இருந்த இடமே போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கைலேஞ்சியால் வாயைப் பொத்தினேன். அழுகிறேன் என்று நினைத்து டாக்டர் என் தோளைத் தட்டினார்.

ஒக்ரோபர் 12, சனி

வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. வலது கை, வலது கால் வழங்காது. இடது கை இருக்கிறது. நாம் சொல்வது விளங்குமாம். தலையாட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், ஆம் என்பதும் இல்லை என்பதும் இவருக்கு மாறி வரும் என்றார்கள்.

பராமரிக்க வரும் பிள்ளையின் பெயர் சியாமளா. சாவகச்சேரிப் பக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். அவருக்குப் பிடித்த எதையாவது பார்க்க விடுங்கோ அன்ரி என்றாள். பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கதிரையை முன் யன்னலடியில் வைத்தேன். அங்கிருந்து முழுப் புல்லும் தெரியும், தெருமுனையில் ஏரியும் தெரியும்.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

மேப்பிள் இலை கொட்டுகிறது. இவர் நல்லாயிருந்த காலத்தில் ஓர் இலை இரவு தங்க முடியாது. இலை மூடினால் புல்லுக்கு மூச்சு முட்டும் என்பார். எனக்கு மூச்சு முட்டியதை இந்த வீட்டில் யாரும் கண்டதில்லை.

இலையை வாரவில்லை. நாரிப்பிடிப்பு, குனிய முடியாது.

இந்தப் புல்லில் நான் நடந்தது கிடையாது. தபால் எடுக்கப் போனாலும் சுற்றிப் பாதையால் போக வேண்டும். நடந்தவள் ஒருத்திதான், அவளும் காரோடு நடந்தாள். எங்கள் மகள் ஆரணி. பதினொரு வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதம், தான் விரும்பியவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். இவர் கத்தினார். அவள் போய்விடுவாள் என்று தன் காரைக் கொண்டு போய் வாசலில் குறுக்கே நிறுத்தினார். அவள் தன் காரில் ஏறி, திருப்பி, ஈரப் புல்லின் நடுவால் ஓட்டிக்கொண்டு றோட்டுக்கு இறங்கினாள். சில்லு இரண்டும் அரையடி ஆழத்துக்கு உழுதிருந்தன. நான் றோட்டைப் பார்த்தேன். இவர் குனிந்து புல்லைப் பார்த்தார்.

அடுத்த நாளே மண் நிரப்பி விதை போட்டார். ஆடி மாதம் தடம் இருந்த இடமே தெரியவில்லை. ஆரணி ஒட்டாவாவில் இருக்கிறாள். அவளுக்கு இப்போது ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவளை மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வரும் என்று பதினொரு வருடம் காத்திருந்தேன். இப்போது வாயும் போய்விட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

அணில்கள் புல்லைக் கிண்டுகின்றன. ஒன்று எதையோ போட்டுவிட்டு ஓடியது. போய் எடுத்தேன். (ஆம், புல்லில் நடந்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.) சின்ன வெங்காயம். வெங்காயத் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு வெங்காயம் தெரியாதா? அணில் யாருடைய குசினியிலிருந்து களவெடுத்ததோ. உரித்துப் பார்த்தேன், மணமில்லை. இந்த நாட்டு வெங்காயத்துக்கு மணம் எங்கே இருக்கிறது. குப்பையில் போட்டேன்.

உள்ளே வந்தால் இவர் இடது கையால் கதிரைச் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தார். புல்லில் நடந்ததற்குக் கோபம். செப்டெம்பரில் ஒரு வாரம் முழுக்க முழங்காலில் நின்று புல்லில் துளை துளையாகக் குத்திக்கொண்டிருந்தவர் இவர். புழுவுக்கு மருந்து வைக்கிறாராக்கும் என்று நான் கேட்கவுமில்லை. அவர் குத்தலாம், நான் மிதிக்கக் கூடாது.

நவம்பர் 16, சனி

ஏரிக்காற்று தொடங்கிவிட்டது. பனித்துளி பறந்து வந்து சீடர்ச் செடி வேலியில் ஐஸாக ஒட்டும். தெரு முழுவதும் வேலிக்குச் சாக்குக் கட்டுகிறார்கள். எங்கள் சாக்கு கராஜில் மடித்தபடி கிடக்கிறது. எனக்கு ஏணியில் ஏறப் பயம்.

ஆரணி எடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இவருக்குத் தெரியாமல் போன் எடுப்பாள். சுகவீனத்தைச் சொன்னேன்.

“என்னைப் பாக்க விரும்புறாரோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ அம்மா. வேண்டாமெண்டால் நான் வரேல்லை. சுகமில்லாமல் இருக்கிற மனுசனோட சண்டை பிடிக்க ஏலாது.”

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

நவம்பர் 19, செவ்வாய்

கேட்க நேரம் வரவில்லை. சியாமளா வந்தாள், பிறகு சமையல்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆரணிக்கு எடுத்து, இவர் முகத்தைத் திருப்பிவிட்டார் என்று சொன்னேன். கேட்டிருந்தால் திருப்பியிருப்பார். எனக்குத் தெரியாத மனுசனா?

அவள் அழவில்லை. “நீங்கள் பாவம் அம்மா” என்றாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் எனக்கு அப்படிச் சொல்கிறார். போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

முதல் பெரிய பனி. பாதை வழுக்குகிறது. இவர் பாதைக்கு மண்தான் போடுவார், உப்புப் போட விட மாட்டார். உப்பு கரைந்து ஓடினால் புல் எரிந்து போகும். அதனால் ஒவ்வொரு வருடமும் நான் விழுந்தேன். ஒருமுறை மணிக்கட்டு முறிந்தது. மாக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கும் மண்தான்.

இன்று பத்து மூட்டை உப்பு வாங்குவித்தேன். சியாமளா காரில் கொண்டு வந்து இறக்கினாள்.

டிசம்பர் 6, வெள்ளி

பாதைக்கு உப்புப் போட்டேன். அரிசி அளக்கும் தகரப் பேணியால் வீசினால் சீராக விழுகிறது. காற்றுக்குக் கொஞ்சம் புல் பக்கமும் போயிற்று.

டிசம்பர் 9, திங்கள்

காற்றில்லை. ஆனாலும் புல் பக்கம் போயிற்று.

டிசம்பர் 25, புதன்

வீசி முடித்துவிட்டு யன்னலைப் பார்த்தேன். இவர் அழுதுகொண்டிருந்தார். இந்த வியாதிக்காரருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும் என்று தாதி சொல்லியிருந்தாள். உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு, கதிரையை இன்னும் யன்னலுக்குக் கிட்டத் தள்ளினேன்.

மூன்று மூட்டை முடிந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். பொங்கி இவருக்கு ஊட்டினேன். எனக்கு இன்று மனம் கொஞ்சம் இளகியிருந்தது, பொய் சொல்லவில்லை. ஆரணிக்குச் சொன்னது பொய் என்பதும் தெரியும். அதனால் முன்னால் இருந்து உண்மையாகவே கேட்டேன்.

“இஞ்சாருங்கோ. ஆரணி உங்களை வந்து பாக்கட்டோ?”

பெயரைக் கேட்டதும் முகம் கோணியது. கண்ணீர் வடிந்தது. இடது கையைத் தூக்கி யன்னலுக்கு வெளியே புல்லைக் காட்டினார். நான் கையை இறக்கிவிட்டேன். திரும்பவும் தூக்கிக் காட்டினார். நான்காம் தரமும் காட்டினார்.

பதினொரு வருடம். வாய் போயிற்று, கை போயிற்று, கால் போயிற்று. பிள்ளையின் பெயரைச் சொன்னால் இன்னும் புல்லைக் காட்டுகிறார், என் புல்லை உழுதுவிட்டுப் போனவள் என்று. பொங்கல் கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன். எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. இளகின மனதுக்கு நல்ல செருப்படி.

ஆரணியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். “உன்ரை பேரைச் சொன்னன். புல்லைக் காட்டுறார் பிள்ளை” என்றேன். சரி அம்மா என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 15, புதன்

ஒரு முழு மூட்டை. பாதைக்கு அல்ல.

பெப்ரவரி 2, ஞாயிறு

மைனஸ் பதினெட்டு. சீடர் வேலியில் ஏரிப்பக்கம் முழுவதும் காய்ந்து கபில நிறமாகிவிட்டது. பார்க்கிறார்.

பெப்ரவரி 13, வியாழன்

சியாமளா, பனிக்கு மேல் ஏன் அன்ரி உப்பு, அங்கே ஒருவரும் நடப்பதில்லையே என்று கேட்டாள். தபால்காரன் குறுக்கே நடக்கிறான் என்றேன். நம்பினாளா தெரியாது. எட்டாவது மூட்டை.

மார்ச் 20, வியாழன்

பனி கரைந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் புல் பச்சை பிடிக்கிறது. எங்களுடையது பழைய வைக்கோல் நிறம், பாதையோரம் கறுப்பு. கதிரையை யன்னலடிக்குத் தள்ளும்போது இவர் இடது கையால் சில்லைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். பலமில்லை.

எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது, தேத்தண்ணி குடித்து முடிய முதல் போய்விட்டது.

ஏப்ரல் 5, சனி

ஆரணி எடுத்தாள். வேலை விசயமாக ரொறன்ரோ வருகிறாளாம். பன்னிரண்டாம் திகதி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவாளாம். “வேண்டாமெண்டாலும் ஒருக்காப் பாத்திட்டுப் போறன். உங்களைப் பாக்கத்தான் அம்மா” என்றாள்.

என் பிள்ளை வருகிறாள். பகல் முழுக்க வீடு துடைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

சியாமளா காலையில் உள்ளே வரவில்லை, வாசலில் நின்று கூப்பிட்டாள். “மனோ அன்ரி, அங்கிள் பூக் கண்டு நட்டவரோ? இஞ்ச வந்து பாருங்கோ, ரெண்டு கோடா வருது. கார் போன தடம் மாதிரி.”

போனேன். செத்த புல்லுக்குள் ஊதாவும் வெள்ளையுமாக, நிலத்தோடு ஒட்டினாற்போல் சின்னப் பூக்கள். வெயிலுக்கு விரிந்திருந்தன. வாசலிலிருந்து தொடங்கி, நடுவில் வளைந்து, றோட்டுக்கு இறங்கும் இரண்டு கோடு. பாதையோரம் ஒன்றும் இல்லை, உப்பு தின்றுவிட்டது. நடுவிலும் பல்லுப் போன வாய் மாதிரி இடைவெளி. ஆனால் வளைவு தெளிவாகத் தெரிந்தது. அந்த வளைவை நான் மறப்பேனா? அன்றைக்கு அவள் ஸ்ரேறிங்கை ஒடித்த இடம்.

வெங்காயம் என்று உரித்துப் போட்டேனே, அது இதுதான்.

சியாமளா போன பிறகு கிளிப்பைக் கழற்றினேன். என் முதல் பக்கத்துக்குப் பின்னால், அதே தாளில், அவருடைய கையெழுத்து:

“செப். 21. குரோக்கஸ் கிழங்கு 320. ஆரணியின்ரை கார் போன தடம் ரெண்டிலும், நாலு விரல்கடைக்கு ஒண்டு. தடம் கண்ணை மூடினாலும் தெரியும். முழங்கால் நோ. மனோவுக்குச் சொல்லேல்லை, பகிடி பண்ணுவா. சித்திரை வருசத்துக்கு முந்திப் பூக்கும். அப்ப பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்ட வேணும். பிழை என்ரைதான். ஒருக்கா நட்டால் காணும், வருசா வருசம் தானே வரும்.”

இதை எழுதி எட்டு நாளில் விழுந்திருக்கிறார்.

குளிர் முழுக்க இவர் காட்டியது இதைத்தான். பிள்ளையின் பெயரைச் சொன்னேன், பிள்ளைக்கு நட்ட இடத்தைக் காட்டினார். நான் அங்கே நின்று உப்பு வீசினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

நித்திரை இல்லை. நாளை மறுநாள் அவள் வருவாள், பூவைப் பார்ப்பாள், என்ன இது என்று கேட்பாள். பிறகு, அப்பா என்னைக் கேட்டவரா என்று கேட்பாள். பிறகு, நவம்பரில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்பாள்.

அவருடைய பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பின்பக்கத்தில் நான் சிரித்தது இருக்கிறது. போனில் படம் எடுத்துக் காட்டலாம் என்பது தெரியாதவள் அல்ல நான். பிரச்சினை தாள் அல்ல. முப்பத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் என் பக்கம் நிற்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவள். நீங்கள் பாவம் அம்மா என்றவள். அந்த ஒன்றையும் இவரிடம் கொடுக்க என்னால் முடியாது. ஒரு வாரம் முழங்காலில் நின்றுவிட்டு இவர் நல்லவராகிவிடுவார், முழு வயதும் சமைத்துப் போட்ட நான் கெட்டவளாகிவிடுவேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

சியாமளா போனதும் புல் வெட்டும் மெஷினை எடுத்தேன். என்னை ஒருநாளும் தொட விட்டதில்லை. கஷ்டமே இல்லை, வயரைச் செருகி ஒரு பிடியை அமத்தினால் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக் கிழவன் வேலிக்கு மேலால், புல் இன்னும் முளைக்கவே இல்லையே, இப்போது எதை வெட்டுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். கேட்காத மாதிரி நின்றேன்.

வாசலிலிருந்து றோட்டுவரை ஒரு கோடு. திரும்பி வர மற்றக் கோடு.

கதிரையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். உள்ளே வந்தபோது இவருடைய இடது கை கண்ணாடியில் விரித்தபடி ஒட்டியிருந்தது. கையை எடுத்துத் தொடைமேல் வைத்தேன். சூடாக இருந்தது. எனக்கு அருவருப்பு வந்தது, அவர்மேல் அல்ல.

ஏப்ரல் 12, சனி

வந்தாள். தலையில் நரை. காரை றோட்டிலேயே நிறுத்திவிட்டு, புல்லில் கால் வைக்காமல் சுற்றிப் பாதையால் வந்தாள். பதினொரு வருடமாகியும் சுற்றித்தான் வருகிறாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு விக்கி விக்கி அழுகை வந்தது.

யன்னலடியில் இவர் முன்னால் போய் நின்றாள். அப்பா என்று ஒருமுறைதான் கூப்பிட்டாள். இவர் அவளைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை வரவில்லை. பிறகு இடது கையைத் தூக்கினார். அவள் தன்னைத் தொடப் போகிறார் என்று குனிந்தாள். அவர் கை அவளைத் தாண்டி வெளியே நீண்டது.

அவள் யன்னலைப் பார்த்தாள். வெட்டின வைக்கோல் புல்.

“என்னத்தைக் காட்டுறார் அம்மா?”

சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவசரமில்லாமல் நின்று கேட்டாள். கொப்பி மேசையில், அவள் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது.

“புல்லைத்தான். வேற என்னத்தை.”

அவள் சிரித்தாள். இவர் சிரிக்கிற மாதிரியே ஒரு பக்கமாக. குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். இவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வேலிப்படலை திறக்கிற மாதிரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குசினியில் என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தாள், மகளின் படங்கள் காட்டினாள். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சனி பிள்ளையையும் கூட்டி வருவதாகச் சொன்னாள். “உங்களுக்காகத்தான் அம்மா. அவருக்காக இல்லை.”

கேட்டது கிடைத்தது. படுக்கப் போகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப்பிறப்பு. நல்ல வெயில்.

வெட்டின தடத்தில் பிந்தி வந்த மொட்டுகள் விரிந்திருக்கின்றன. சனிக்கு முன் இன்னும் வரும். அடுத்த வருடமும் வரும், அதற்கடுத்த வருடமும் வரும், நடவே தேவையில்லை என்று அவர்தான் எழுதி வைத்திருக்கிறாரே. கராஜில் உப்பு இரண்டு மூட்டை மிச்சம்.

இவர் யன்னலடியில் இருந்து, இடது கை விரலை நீட்டி ஒவ்வொரு பூவாக எண்ணுகிறார். நடுவில் எண்ணிக்கை பிழைத்துப்போனால் திரும்ப வாசலிலிருந்து தொடங்குகிறார். நான் மெஷின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எண்ணி முடிக்கட்டும் என்று நிற்கிறேன்.